இறப்புப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள்: ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், மிம்பரில் ஏறிப் பேசும் ஆலிம்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் அறுபதை நெருங்கும் பெண். இரண்டு அண்ணன்களுக்கும் இரண்டு அக்காக்களுக்கும் பிறகு பிறந்தவள். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் என் அண்ணன்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதில் பேச்சு போய்விடும். அவர்கள் நல்லவர்கள். ஐந்து வேளை தொழுபவர்கள், ஒருவர் ஹஜ்ஜும் செய்தவர். நல்லவர்கள் சகோதரிகளின் வாரிசுப் பங்கை எப்படித் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள், நீங்கள் அதற்கு எப்படிச் சாட்சி நிற்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அத்தா, எங்கள் தகப்பனார், இறந்து நாற்பது கழிந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு. அக்காக்கள் இருவரும் வந்திருந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் ஒரு பலகை வைத்து, பலகையின்மேல் பத்திரத்தாள்கள். சொத்தில் எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். என் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. நான் வசதியாகக் கையெழுத்துப் போடட்டும் என்று சின்ன அண்ணன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பெரிய அண்ணன், "படித்துப் பார்த்துவிட்டுப் போடம்மா" என்றார். படித்தேன். 'யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனச்சம்மதத்துடன்' என்று இருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை என்பது உண்மைதான். எல்லாரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள்.

கணவனை இழந்த பெண் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார் அம்மா. உள்ளறைக்கு மை அட்டையை எடுத்துப் போனார்கள். பெருவிரலை மையில் ஒற்றும்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எனக்கும் இதில் ஏதாவது இருக்கிறதா?" பெரிய அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாமே உங்களுடையதுதானே அம்மா." எல்லாமே ஒருவருடையது என்று சொல்லிவிட்டால் எதையும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அம்மா அந்த வீட்டிலேயே பதினோரு ஆண்டுகள் இருந்தார். பெட்டிச் சாவிகூட மருமகளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகள். ஒருவர் அன்றைய ஜமாஅத் செயலாளர்.

கணக்கு எனக்குத் தெரிந்தது பல ஆண்டுகள் கழித்து. என் மகள் மதரஸாவில் ஃபராயிழ் என்னும் வாரிசுப் பங்குக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு ஒரு குடும்பம் சொல்லுங்கள் என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன்: மனைவி ஒருவர், மகன்கள் இருவர், மகள்கள் மூவர். அவள் நோட்டில் போட்டாள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்றால் இரண்டும் இரண்டும் நான்கு, மூன்று மகள்களுக்கு மூன்று, ஆக ஏழு. மீதமே இல்லாமல் வகுபட்டது. மனைவிக்கு எட்டில் ஒன்று, ஒவ்வொரு மகளுக்கும் எட்டில் ஒன்று, ஒவ்வொரு மகனுக்கும் எட்டில் இரண்டு. "எவ்வளவு அழகான கணக்கு!" என்றாள் அவள். நான் வேறொரு கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒன்று, எங்கள் மூவருக்கு மூன்று. எட்டில் நான்கு. அத்தா விட்டுச் சென்றதில் சரிபாதி பெண்களுடையது. பாதி வீடு, பாதி நிலம். அந்தப் பாதியை எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இங்கே ஒரு சிறு விலகல். 'ஆணுக்கு இரண்டு பெண்களின் பங்கு' என்ற குர்ஆன் வசனத்தை எடுத்துக்காட்டி எங்கள் பங்கு குறைவு என்று சிலர் வாதிடுகிறார்கள், குறைவில்லை என்று சிலர் விளக்குகிறார்கள். துனீசியாவில் 2018இல் சமபங்கு கேட்டு ஒரு மசோதாவே தயாரானது, அது நிறைவேறவில்லை. அந்த வாதத்தில் இன்று நான் இறங்கப் போவதில்லை. ஆனால் மகள் போட்ட கணக்கைப் பாருங்கள். அளவுகோலாக நிற்பது பெண்ணின் பங்குதான். ஆணின் பங்கு அதைக் கொண்டே அளக்கப்படுகிறது. நம் வீடுகளில் அந்த அளவுகோலையே பூஜ்யமாக்கிவிட்டு, இரண்டால் பெருக்கி எப்படி வீடும் நிலமும் வந்தன என்று எந்த ஆலிமாவது விளக்கினால் கேட்கக் காத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. குர்ஆனின் சூரத்துந் நிஸா அத்தியாயத்தின் ஏழாவது வசனம், பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பாகம் உண்டு, பெண்களுக்கும் பாகம் உண்டு, சொத்து கொஞ்சமாக இருந்தாலும் நிறைய இருந்தாலும் அது விதிக்கப்பட்ட பாகம் என்கிறது. பதினொன்றாவது வசனம் பங்குகளைச் சொல்லி முடிக்கும் இடத்தில் அதை 'ஃபரீழா' என்றே அழைக்கிறது. தொழுகையை ஃபர்ளு என்கிறோமே, அதே வேர்ச்சொல். பதினான்காவது வசனம் இந்த வரம்புகளை மீறுபவருக்கு நெருப்பை எச்சரிக்கிறது. சூரத்துல் ஃபஜ்ரில் வாரிசுச் சொத்தை வாரிச் சுருட்டி விழுங்குபவர்களைப் பற்றி ஒரு வசனம் வருகிறது. எத்தனையோ தொழுகைகளில் அதை அழகிய ராகத்தில் கேட்டிருக்கிறேன். பொருள் சொல்லி யாரும் பேசிக் கேட்டதில்லை.

நபித்தோழர் ஸஅத் இப்னு ரபீஃ அவர்களுடைய மனைவியின் சம்பவம் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. உஹதுப் போரில் ஸஅத் ஷஹீதானார். விட்டுச் சென்றது இரண்டு மகள்களை. அன்றைய அரபு வழக்கப்படி அவருடைய சகோதரர் வந்து சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அவர் திருடவில்லை, ஊர் வழக்கம் அது. அந்தப் பெண் இரண்டு மகள்களையும் கையில் பிடித்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் சொத்தைச் சிறிய தகப்பன் எடுத்துக்கொண்டார், சொத்தில்லாமல் இவர்களை யார் மணப்பார்கள் என்று கேட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்றார்கள் நபியவர்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. அந்தச் சகோதரருக்கு ஆள் அனுப்பினார்கள்: மகள்களுக்கு மூன்றில் இரண்டு கொடு, தாய்க்கு எட்டில் ஒன்று கொடு, மீதி உனக்கு.

சொத்தை இருபத்து நான்கு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். மகள்களுக்குப் பதினாறு. தாய்க்கு மூன்று. மீதி ஐந்து. முந்தின நாள்வரை இருபத்து நான்கையும் கையில் வைத்திருந்த மனிதர் ஐந்தோடு நின்றார். குடும்ப மானம் என்னாவது, சகோதரிகளும் அண்ணிகளும் பஞ்சாயத்துக்குப் போகலாமா என்று யாரும் கேட்டதாக அந்தச் செய்தியில் இல்லை. ஒரு பெண் தன் பங்கைக் கேட்டு வெளியே வந்ததால் இறங்கிய சட்டம் இது. இன்று பங்கு கேட்கும் பெண்ணுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் 'வாயாடி'.

வழக்கம் என்று வந்துவிட்டோம். நம் ஜமாஅத்துகளில் பித்அத், அதாவது மார்க்கத்தில் இல்லாத புதுமை, பற்றிய சண்டைக்குக் குறைவில்லை. மவ்லிது ஓதலாமா, கபரின்மேல் கட்டலாமா, தொழுகையில் விரலை அசைக்கலாமா என்று பள்ளிவாசல்களே இரண்டாகியிருக்கின்றன. இரண்டு தரப்பிலும் எனக்கு உறவினர்கள் உண்டு. சகோதரி பங்கை வைத்துக்கொள்வதில் மட்டும் இரு தரப்பும் ஒரே ஜமாஅத். அது யாருக்கும் பித்அத்தாகத் தெரியவில்லை.

வழக்கம் எப்போதுமே பெண்ணுக்கு எதிரி என்றும் சொல்ல மாட்டேன். சுமத்ராவின் மினாங்கபாவ் முஸ்லிம்களிடம் பரம்பரை நிலம் தாய்வழியே மகள்களுக்குப் போகிறது. ஆனால் வழக்கம் ஆணின் பக்கம் சாயும் இடங்களில் அதைக் காப்பாற்ற நம்மவர்கள் காட்டிய பிடிவாதத்தைப் பாருங்கள். 1847இல் பம்பாயில் கோஜா, மேமன் முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் குர்ஆன் சொல்லும் பங்கைக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி தீர்ப்பளித்தார்: பெண்களை விலக்கும் வழக்கம் அந்தச் சமூகங்களில் இருக்கிறது, அந்த வழக்கமே செல்லும். குர்ஆனைக் காட்டியவர்கள் பெண்கள். அது எங்களுக்குப் பொருந்தாது என்று முஸ்லிம் ஆண்கள் ஆங்கிலேய நீதிபதியின் முன் நின்று வாதாடி வென்றார்கள். பஞ்சாபிலும் மகள்களுக்கு நிலமில்லை என்ற வழக்கத்தை நீதிமன்றங்கள் தலைமுறைகளாக ஏற்றுக்கொண்டிருந்தன. இதையெல்லாம் மாற்றத்தான் 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. அதிலும் விவசாய நிலத்துக்கு விலக்கு. நிலம் அன்று மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது என்பது சட்டக் காரணம். நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. சென்னை மாகாணம் 1949இல் அந்த விலக்கை நீக்கியது. மேற்குப் பஞ்சாப் 1948இலேயே நிலத்தையும் ஷரீஅத்துக்குள் கொண்டுவந்திருந்தது. நம் பக்கத்தில் தாளில் இருந்த தடைகள் போய் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது. இப்போது தடையாக இருப்பது அந்தப் பலகையும் மை அட்டையும்தான்.

"நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே, அதுதான் அவள் பங்கு." இதை உங்கள் அலுவலகத்திலேயே கேட்டிருக்கிறேன். தகப்பன் உயிரோடிருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. அவர் இறந்த நொடியில் உண்டாவது வாரிசுரிமை. ஒன்று மற்றதைக் கழிக்காது. கழிக்கத்தான் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் கழியுங்கள்: பெரிய அண்ணனின் கல்லூரிச் செலவு, சின்ன அண்ணனுக்குக் கடை வைக்கக் கொடுத்த முதல். அவை 'பிள்ளைக்குச் செய்தது', என் நகை மட்டும் 'பங்கு'. நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீருக்கு மட்டும் அவருடைய தகப்பனார் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு அதற்கு நபியவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, "உன் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படிக் கொடுத்தாயா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும், அநீதிக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். நபியவர்கள் மறுத்த சாட்சிக் கையெழுத்தைத்தான் ஜமாஅத் செயலாளர்கள் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

"அவளே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாள்." இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஏன் விட்டுக்கொடுத்தேன்? தாய்வீட்டுக் கதவுக்காக. நாளைக்குக் கணவன் கைவிட்டால், இறந்தால், நான் போய் நிற்க வேண்டிய வாசல் அது. பங்கை வாங்கிக்கொண்டால் உறவு முடிந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பங்கு கேட்ட ஒரு பெரியம்மா மகள் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அழைக்கப்படாததை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். என்னுடையதைக் கொடுத்து, எனக்கு ஏற்கெனவே உரிமையான வாசலை விலைக்கு வாங்கினேன். ஒரு முஸ்லிமின் பொருள் அவருடைய மனம் விரும்பினாலன்றிப் பிறருக்கு ஆகுமானதல்ல என்ற ஹதீஸை நீங்கள் அறிவீர்கள். முகத்துக்கு அஞ்சிக் கொடுப்பது எந்த விருப்பத்தில் சேரும்?

சட்ட நுணுக்கமும் என் பக்கம்தான் இருக்கிறது. வாரிசுச் சொத்து, வாரிசு கேட்டாலும் கேட்காவிட்டாலும் மரணத்தின் நொடியிலேயே அவருக்குச் சொந்தமாகிறது. 'என் உரிமையை விட்டேன்' என்று வாயால் சொல்வதால் சொந்தம் நீங்காது என்று இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபியின் நூல்களே எழுதியிருக்கின்றன. விற்கலாம், முறைப்படி அன்பளிப்பாகக் கொடுக்கலாம், ஏதாவது பெற்றுக்கொண்டு ஒதுங்கும் 'தகாருஜ்' செய்யலாம். அதற்கெல்லாம் என்ன சொத்து, எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். என் பங்கு எவ்வளவு என்றே எனக்குத் தெரியாத நாளில் எதை நான் விட்டுக்கொடுத்தேன்?

மற்ற நாடுகள் இந்த இடத்தைக் கண்டுகொண்டுவிட்டன. ஜோர்டானில் மரணம் நிகழ்ந்து மூன்று மாதம் ஆவதற்குள் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணத்தைப் பதிய முடியாது. துக்கத்தின் சூட்டில் கையெழுத்து வாங்குவதைத் தடுக்க. பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 1990இல் ஒரு சகோதரியின் வழக்கில், சகோதரர்களுக்காக இப்படிப் 'பங்கைத் துறப்பது' பொது நலனுக்கு எதிரானது என்றது. அங்கே 2011இல் வந்த சட்டத்தில், ஏமாற்றியோ சட்டவிரோதமாகவோ பெண்ணின் வாரிசுரிமையைப் பறித்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். எகிப்து 2017இல், வாரிசின் பங்கை வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்திருப்பவருக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் செய்தது. அங்கேயும் எல்லாம் சரியாகிவிட்டதாக நான் நம்பவில்லை. நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதற்கு அங்கே குற்றம் என்றாவது பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதுவரை என் குறையை எழுதினேன். இனி என் குற்றம்.

என் மாமனார் இறந்தபோது என் கணவரின் இரண்டு தங்கைகளும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அதே மாதிரிப் பத்திரம், அதே 'முழு மனச்சம்மதம்'. சின்ன நாத்தனார் பேனாவைக் கையில் எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். நான் பார்த்தேன். அந்த அமைதியின் பொருள் அந்த அறையில் எனக்குத் தெரிந்ததைப்போல் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தும், மின்விசிறியில் தாள் பறக்காமல் ஓரத்தில் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டில்தான் இன்றும் குடியிருக்கிறேன். என்னிடமிருந்து போனதற்கு ஈடு இங்கே கிடைத்துவிட்டது என்று ரொம்ப காலம் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நம் பெண்கள் பலர் இந்தக் கணக்கில்தான் வாய் மூடியிருக்கிறோம். இழந்த வீடு ஒன்று, பெற்ற வீடு ஒன்று. அது ஈடாகாது. இரண்டு இடத்திலும் பறிபோனது ஒரு சகோதரியின் பங்கு.

கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தவறிவிட்டார். அவருடைய சொத்தைப் பிரிக்குமுன் கடனை அடைக்க வேண்டுமல்லவா? தங்கைகளின் பங்குதான் முதல் கடன் என்று மகன்களிடம் சொன்னேன். பெரியவன் எழுந்து போய்விட்டான். ஒரு மாதம் பேசவில்லை. பிறகு வந்து, வீட்டை மதிப்பிட ஆள் பார்க்கிறேன் என்றான். தவணையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய நாத்தனார் வாங்க மறுத்துவிட்டார். ஒரு தடவை மறுத்ததும் விட்டுவிடுவதா, இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பதா என்று தெரியாமல், ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. புதுச் சட்டமோ ஃபத்வாவோ வேண்டாம்.

விடுதலைப் பத்திரங்களில் ஜமாஅத்தின் பெயரால் சாட்சிக் கையெழுத்துப் போடுவதை நிறுத்துங்கள். மரணம் நிகழ்ந்து ஓர் ஆண்டுக்குள் எந்த மகளும் எந்த மனைவியும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்மானம் போடுங்கள். விட்டுக்கொடுக்கத்தான் விரும்புகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், அண்ணன் தம்பி இல்லாத இடத்தில் அவரை உட்காரவைத்து, உங்கள் பங்கு இவ்வளவு என்று எண்ணிக்கையில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் விருப்பமா என்று கேளுங்கள். இதற்கு இரண்டு பெண்களை நியமிக்க வேண்டியிருக்கும். நிர்வாகக் குழுவில் பெண்ணா என்று அஞ்ச வேண்டாம், இதற்கு மட்டும்தான் கேட்கிறேன். மற்றதை இன்னொரு மடலில் கேட்பேன். ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலாவது குத்பாவில் வாரிசுரிமையைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 'பெண்களுக்கு இஸ்லாம் வழங்கிய கண்ணியம்' என்ற தலைப்பு போதும் போதும் என்றாகிவிட்டது. எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பேசுங்கள்.

கடைசியாக, பதிவேடு. உங்கள் நிக்காஹ் பதிவேட்டில் மணமகன் மணமகளுக்குத் தரும் மஹருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அது நிரப்பப்படாமல் நிக்காஹ் முடிவதில்லை. இறப்புப் பதிவேட்டில் பெயர், வயது, தகப்பன் பெயர், அடக்கம் செய்த நேரம் இருக்கின்றன. அதன் வலப்பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் போட இடமிருக்கிறது. வாரிசுகள், அவரவர் பங்கு, ஒப்படைத்த தேதி. அடக்கம் முடிந்த வாரத்தில் முதல் இரண்டையும் நிரப்பிவிட்டு, மூன்றாவது நிரம்பும்வரை அந்தக் குடும்பத்தைக் கேட்டுக்கொண்டே இருங்கள். சந்தா பாக்கிக்கு வீடு தேடி வரத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமாக இராது.

மாதிரிப் பக்கம் ஒன்றைக் கோடு போட்டு இந்த மடலுடன் வைத்திருக்கிறேன். காலியாக வைத்தால் புரியாது என்று எங்கள் அத்தாவின் மரணத்தையே அதில் எழுதியிருக்கிறேன். மனைவி, எட்டில் ஒன்று. மகள், எட்டில் ஒன்று. மகள், எட்டில் ஒன்று. மகள், எட்டில் ஒன்று. ஒப்படைத்த தேதி என்ற கட்டத்தை நான்கு வரியிலும் காலியாகவே விட்டிருக்கிறேன்.

வஸ்ஸலாம்,
மூன்றாவது மகள்